சர்ப்பகந்தியும் ருஸ்தம் ஜால் வகீலும்: ஓர் ஆய்வுக் கட்டுரையின் வரலாறு

1949ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவந்த பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. உயர் ரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் விவரம் அது. எழுதியவர் பம்பாயைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். இந்தியாவில் பல தலைமுறைகளாகக் கைமருந்தாக இருந்த ஒரு வேர், அடுத்த பத்தாண்டுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரையானதற்கு அந்தக் கட்டுரையே வழி திறந்தது. உயர் ரத்த அழுத்தத்தை மருந்தால் குறைக்க முடியும், குறைப்பது நோயாளிக்கு நல்லது என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அளக்கத் தெரிந்தும் குறைக்கத் தெரியாத காலம்

ரத்த அழுத்தத்தை அளக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவந்துவிட்டது. இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி 1896இல் மேற்கையில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத் தம்பத்தால் அழுத்தத்தை அளக்கும் கருவியை வெளியிட்டார். 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டால் மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் அறியலாம் என்று காட்டினார். சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்ற அந்த இரண்டு எண்களும் அதன்பின் மருத்துவக் குறிப்புகளில் நிலைபெற்றன.

அளவு தெரிந்தது; என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு போன்ற வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் அழுத்தம் உயர்ந்திருப்பதற்கு எஸென்ஷியல் ஹைப்பர்டென்ஷன் என்று பெயரிட்டிருந்தார்கள். தடித்துப்போன ரத்தக் குழாய்களின் வழியே உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் சென்றுசேர உடல் தானாகவே செய்துகொள்ளும் ஈடுகட்டல் அது என்று பெரிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அழுத்தத்தைக் குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாமல் போகும் என்ற அச்சம் 1930களின் பாடநூல்கள் வரை நீடித்தது.

குறைக்க முனைந்தவர்களிடமும் நல்ல கருவிகள் இல்லை. பினோபார்பிட்டோன் போன்ற தூக்க மருந்துகள் கொடுத்தார்கள். தயோசயனேட் உப்புகள் சிலருக்குப் பயன்பட்டன, சிலருக்கு நஞ்சாயின. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர், சோறும் பழமும் மட்டுமே கொண்ட, உப்பு மிகக் குறைந்த உணவுமுறையைக் கடைப்பிடிக்கச் செய்தார். பலன் இருந்தது, ஆனால் அதை நீண்ட நாள் தாங்கியவர்கள் குறைவு. முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பரிவு நரம்புகளை வெட்டி எடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சையைப் பாஸ்டனில் ரெஜினால்ட் ஸ்மித்விக் செய்துவந்தார்.

இந்தக் கையறுநிலைக்குப் பெரிய சான்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூயென், அழுத்தம் 186/108 என்று குறித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரூஸ்வெல்ட் இறந்தபோது அது 300/190 வரை போயிருந்தது. நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கே தர உருப்படியான மருந்து அன்று கிடையாது.

நாட்டு மருத்துவத்தில் சர்ப்பகந்தி

அதே காலத்தில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு வேர் விற்பனையில் இருந்தது. சர்ப்பகந்தி முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும் சிறு செடி. அரளியும் நித்தியகல்யாணியும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்புமான பூக்கள் கொத்தாகப் பூக்கும். காய்கள் சிவந்து, பழுக்கையில் கருக்கும். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பதமான சரிவுகளிலும், இலங்கை, பர்மா, ஜாவா ஆகிய இடங்களிலும் இது தானாக வளர்வது. மருந்துச் சத்து வேரில்தான், அதிலும் வேர்ப்பட்டையில்தான் மிகுதி.

பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் இந்த வேரைக் கொடுத்தார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் பிரசவத்தின்போதும் இது பயன்பட்டது. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் பாம்புக்கடிக்கு இந்தியர்கள் பயன்படுத்தும் மரவேர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தாவரவியலில் இந்தச் செடியின் பேரினத்துக்கு ரவுல்ஃபியா என்று 1703இல் பெயரிட்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்லஸ் பிளூமியே. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுவோல்ஃபின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது.

இந்த வேரின் இன்னொரு பயன்பாடுதான் பிற்கால ஆய்வுகளுக்கு நேரடியான வாசலானது. பீகாரிலும் வங்காளத்திலும் சித்தம் கலங்கியவர்களுக்கும் உறக்கமில்லாதவர்களுக்கும் இதைக் கொடுத்தார்கள். பீகாரில் இதற்குப் பைத்தியத்துக்கான மருந்து என்ற பொருளிலேயே ஒரு பெயர் வழங்கியது. வேரை உண்டவர் அடங்கி, அயர்ந்து, நீண்ட நேரம் உறங்குவார் என்பது ஊரறிந்த செய்தி.

1931: இரண்டு தொடக்கங்கள்

நாட்டு வழக்கு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது 1931இல். அந்த ஆண்டு கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் உகந்த இந்திய மருந்தாகச் சர்ப்பகந்தியை முன்வைத்தார்கள். வேரின் பொடியைக் கொடுத்தால் நோயாளி அமைதியடைவதோடு ரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று அவர்கள் குறிப்பிட்டார்கள். கணநாத் சென் ஆயுர்வேதம், மேலை மருத்துவம் இரண்டும் கற்றவர். ஊரார் அமைதியை மட்டுமே கண்ட இடத்தில் அழுத்தமானியின் எண்ணையும் சேர்த்துப் பார்க்க அந்த இரட்டைப் பயிற்சி உதவியது.

அதே 1931இல் டெல்லியில் வேதியியல் வேலை தொடங்கியது. ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியின் ஆய்வகத்தில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். முதன்மையானதற்கு அஜ்மலின் என்று, 1927இல் மறைந்திருந்த அஜ்மல் கானின் நினைவாகப் பெயர் சூட்டினார்கள். அஜ்மலின் பின்னாளில் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாயிற்று. ஆனால் அழுத்தத்தைக் குறைத்து உறக்கம் தரும் பொருள் அந்த ஐந்தில் இல்லை.

கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் உடன் பணியாற்றியவர்களும் வேரின் சத்துகளை விலங்குகளுக்குக் கொடுத்து 1933 முதல் ஆராய்ந்தார்கள். 1940களில் அங்கு வெளியான ஆய்வுகள் முக்கியமான ஒரு குறிப்பைத் தந்தன: ஆல்கலாய்டுகளைப் பிரித்த பிறகு எஞ்சும் பிசின் போன்ற பகுதிக்கும் உறக்கம் தரும் ஆற்றல் இருக்கிறது. தேடிய பொருள் அந்தப் பிசினுக்குள்தான் இருந்தது என்பது பத்தாண்டு கழித்தே தெரியவந்தது. லக்னோவில் பி. பி. பாட்டியா 1942இல் உயர் ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வேரைக் கொடுத்த அனுபவத்தை எழுதினார். இதற்கிடையே ஹிமாலயா மருந்து நிறுவனம் வேரின் பொடியைச் செர்பினா என்ற பெயரில் மாத்திரையாக்கி 1934இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. ஒரே அளவில், ஒரே தரத்தில் கிடைத்த மாத்திரை, மருத்துவமனைச் சோதனைக்கு வசதி செய்து தந்தது.

இவ்வளவு நடந்தும் இந்தியாவுக்கு வெளியே சர்ப்பகந்தியைப் பற்றிய பேச்சு எழவில்லை. கட்டுரைகள் வெளியானவை இந்திய இதழ்கள். மேலைநாட்டு இதயநோய் மருத்துவர்கள் அவற்றைப் படிக்கவில்லை. ஒரு சில நோயாளிகளைப் பற்றிய அனுபவக் குறிப்புகள் ஐயுறவு கொண்டவர்களை அசைக்கப் போதுமானவையாகவும் இல்லை.

வகீலின் சோதனை

ருஸ்தம் ஜால் வகீல் 1911இல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று எம்.டி. பட்டம் பெற்று, 1930களின் இறுதியில் ஊர் திரும்பினார். பரேலில் உள்ள கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றினார். இதயநோயைத் தனித்துறையாகக் கொண்டவர்கள் இந்தியாவில் மிகச் சிலரே இருந்த காலம் அது. சர்ப்பகந்தியை அவர் ஒரே நாளில் கண்டெடுக்கவில்லை. 1940களின் தொடக்கத்திலிருந்தே உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து, அளவுகளைக் குறித்துவைத்து வந்தார்.

1949 கட்டுரை அந்த நெடிய கவனிப்பின் தொகுப்பு. சர்ப்பகந்தி கொடுக்கப்பட்ட 100க்கும் மேற்பட்டவர்களில் குறிப்புகள் முழுமையாக இருந்த 50 பேரின் விவரத்தை வகீல் எடுத்துக்கொண்டார். வேறு மருந்துகளை நிறுத்தி, சில வாரங்கள் அழுத்தத்தை அளந்து, அடிப்படை நிலையை உறுதிசெய்தபின் வேரின் மாத்திரையைத் தொடங்கினார். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின் 85 விழுக்காட்டினருக்குச் சிஸ்டாலிக் அளவும் 81 விழுக்காட்டினருக்கு டயஸ்டாலிக் அளவும் இறங்கியிருந்தன.

இந்தச் சோதனையின் சிறப்பு அதன் ஒழுங்கில் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறுவது. மருத்துவரைக் கண்ட பதற்றத்தில் ஏறும். படுக்கையில் ஓய்வெடுத்தால் மருந்தில்லாமலே இறங்கும். மருந்துக்கு முந்தைய நிலையைச் சில வாரங்கள் அளக்காமல் எந்த மருந்தையும் புகழ முடியும். வகீல் அந்த முந்தைய நிலையை எடுத்துக்காட்டினார். மருந்தின் அளவையும் காலத்தையும் எண்களில் சொன்னார். பக்க விளைவுகள் மிதமானவை என்றும் பதிவு செய்தார்.

இன்றைய அளவுகோலில் அந்தச் சோதனைக்குக் குறைகள் உண்டு. போலி மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. அழுத்தம் குறைந்தவர்கள் பக்கவாதத்திலிருந்தும் இதயச் செயலிழப்பிலிருந்தும் தப்பினார்களா என்ற கேள்விக்கு நான்கு வாரக் கணக்கு விடை தராது. ஆனால் சீட்டுக் குலுக்கல்போல நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்துச் சோதிக்கும் முறையே அப்போதுதான் பிறந்திருந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற சோதனை வெளியானது 1948இல். அந்த நாளின் நடைமுறையோடு ஒப்பிட்டால் வகீலின் கட்டுரை கவனமும் நேர்மையும் மிக்கது.

கட்டுரை எந்த இதழில் வந்தது என்பதும் அதே அளவு முக்கியம். பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இதயநோய் மருத்துவர்கள் படித்த இதழ். கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் சொன்னது, 18 ஆண்டு கழித்து, எண்களோடு, கேட்க வேண்டியவர்களின் மேசைக்கு வந்துசேர்ந்தது.

பாஸ்டனும் பாசலும்

அதைப் படித்தவர்களில் ஒருவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வில்கின்ஸ். இந்தியாவிலிருந்து மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1952இல் முதல் முடிவுகளை அறிவித்தார். அடுத்த ஆண்டு விரிவான கட்டுரை வந்தது. அழுத்தம் மெதுவாக, மிதமாக இறங்கியது. நாடித் துடிப்பு குறைந்தது. நோயாளிகள் மன இறுக்கம் தளர்ந்து அமைதியாக இருந்தார்கள். அன்றைக்கு வழங்கிய மற்றப் புதிய மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடியது என்பதையும் வில்கின்ஸ் கண்டார். மருந்துகளைச் சிறு அளவில் கூட்டிக் கொடுக்கும் அந்த முறை உயர் ரத்த அழுத்தச் சிகிச்சையின் அடிப்படைகளுள் ஒன்றாக நின்றுவிட்டது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் ஆய்வகத்தில் யோஹான்னஸ் முல்லர், எமில் ஷ்லிட்லர், ஹ்யூகோ பைன் மூவரும் வேரைப் பகுத்துக்கொண்டிருந்தார்கள். கல்கத்தா ஆய்வுகள் சுட்டிய அதே பிசின் பகுதியிலிருந்து 1952இல் தூய படிகமாக ஒரு ஆல்கலாய்டைப் பிரித்து ரெசர்ப்பின் என்று பெயரிட்டார்கள். கிராம் கணக்கில் கொடுத்த வேர்ப்பொடியின் வேலையை ஒரு மில்லிகிராமிலும் குறைந்த ரெசர்ப்பின் செய்தது. சீபா அதைச் செர்பசில் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1956இல் ஹார்வர்டின் ராபர்ட் உட்வர்டு இந்தச் சிக்கலான மூலக்கூறை ஆய்வகத்திலேயே முழுவதுமாகக் கட்டியெழுப்பிக் காட்டினார். கரிம வேதியியலின் பெரும் சாதனைகளில் ஒன்றாக அது இன்றும் கற்பிக்கப்படுகிறது.

பீகாரில் அறிந்திருந்த பழைய பயன்பாடும் அதே காலத்தில் மேலைநாட்டுக்குச் சென்றது. நியூயார்க்கின் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் மனநோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியையும் ரெசர்ப்பினையும் கொடுத்து 1954இல் முடிவுகளை வெளியிட்டார். குளோர்புரோமசினோடு சேர்ந்து மனநோய்க்கான முதல் நவீன மருந்துகளின் வரிசையில் ரெசர்ப்பின் இடம்பெற்றது. 1957இல் வகீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது; அதே ஆண்டு கிளைனும் அவ்விருதைப் பெற்றார். 1958இல் வில்கின்ஸுக்கு லாஸ்கர் விருதும் வகீலுக்கு இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் கிடைத்தன.

மருந்து எப்படி வேலை செய்கிறது

நரம்பு முனைகளில் செய்தி கடத்தும் பொருள்கள் நுண்பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ரத்தக் குழாயைச் சுருக்கச் சொல்லும் நார்அட்ரினலினும் அவ்வாறே. ரெசர்ப்பின் அந்தப் பைகளுக்குள் பொருளை ஏற்றும் புரதத்தைத் தடுத்துவிடுகிறது. சேமிக்க முடியாத நார்அட்ரினலின் நரம்பு முனையிலேயே சிதைக்கப்பட, இருப்பு குறைகிறது. பரிவு நரம்பின் கட்டளை மங்க, குழாய்கள் தளர்கின்றன, இதயம் மெல்லத் துடிக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. இருப்பு காலியாகச் சில நாட்கள் ஆகும். மருந்தை நிறுத்தினாலும் அது நிரம்ப நெடுநாள் ஆகும். பலன் தாமதமாகத் தொடங்கி நீடித்து நிற்பதன் காரணம் இதுதான்.

மூளையிலும் இதே நிகழ்கிறது. 1955இல் அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனங்களில் பெர்னார்டு புரோடியின் குழு, ரெசர்ப்பின் மூளையின் செரடோனினைக் காலிசெய்வதைக் கண்டறிந்தது. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்ப்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு எல்-டோபாவைச் செலுத்தி மீண்டும் நடமாட வைத்தார். மூளையில் டோபமைனின் பணியை உணர்த்திய அந்தச் சோதனை பார்க்கின்சன் நோய்க்கான மருந்துக்கு வழிவகுத்தது. கார்ல்சன் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

உயிர் காத்த சான்று

அழுத்தத்தைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்ற பெரிய கேள்விக்கு விடை கண்டவர் வாஷிங்டனின் எட்வர்டு ஃப்ரைஸ். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அவர் நடத்திய சோதனையில் ஒரு குழுவுக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரெசர்ப்பின், ஹைட்ரலசின் என மூன்று மருந்துகளும் மற்றொரு குழுவுக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. டயஸ்டாலிக் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைப் பற்றிய முடிவு 1967இல் வந்தது. போலி மாத்திரைக் குழுவில் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து பெற்ற குழுவில் இருவருக்கு மட்டுமே. 90 முதல் 114 வரை இருந்த 380 பேரின் முடிவு 1970இல் வெளியானது. பக்கவாதம் போலி மாத்திரைக் குழுவில் 20, மருந்துக் குழுவில் 5. அழுத்தம் உடலின் ஈடுகட்டல், அதைத் தொடக் கூடாது என்ற பழைய நம்பிக்கை இத்துடன் முடிவுக்கு வந்தது. அதை முடித்துவைத்த மருந்துகளுள் சர்ப்பகந்தியின் சத்தும் ஒன்று.

சரிவும் எஞ்சிய இடமும்

ரெசர்ப்பினின் தீமைகளும் விரைவில் தெரிந்தன. மூக்கடைப்பும் சோர்வும் பலருக்கு வந்தன. அதைவிடக் கவலை தந்தது மனச்சோர்வு. பெரிய அளவில் நீண்ட நாள் உட்கொண்டவர்களிடம் அது தோன்றுவதை 1954இலேயே ஃப்ரைஸ் எழுதினார். நாளுக்குக் கால் மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் இந்த இடர் குறைவு என்பது பிறகு புரிந்தது. ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. 1974இல் லான்செட் இதழில் வந்த மூன்று ஆய்வுகள் மார்பகப் புற்றுநோயோடு ரெசர்ப்பினைத் தொடர்புபடுத்தின. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பீட்டா தடுப்பிகளும் பிறகு வந்த மற்ற மருந்து வகைகளும் பக்க விளைவு குறைந்தவையாக இருந்ததால் மருத்துவர்கள் அவற்றுக்கு மாறினார்கள்.

இந்தியாவில் ரெசர்ப்பினின் வாழ்வு சற்று நீண்டது. டைஹைட்ரலசினோடு அது சேர்ந்த அடெல்ஃபேன் மாத்திரை பல ஆண்டுகள் மலிவாகக் கிடைத்து, பி.பி. மாத்திரை என்றாலே அதுதான் என்னும் அளவுக்குப் பல குடும்பங்களில் பழகியிருந்தது. அமெரிக்காவிலும் முதியோரின் உயர் ரத்த அழுத்தத்தைப் பற்றி 1991இல் முடிவு வெளியிட்ட பெரிய சோதனையில் ரெசர்ப்பின் மாற்று மருந்தாக இடம்பெற்றிருந்தது.

உலகத் தேவை செடியையும் பாதித்தது. 1950களில் காடுகளிலிருந்து வேரோடு தோண்டி எடுத்ததால் இந்தியாவில் சர்ப்பகந்தி வேகமாக அருகியது. மருந்து இருப்பது வேரில் என்பதால் ஒவ்வொரு அறுவடையும் ஒரு செடியின் சாவு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. ரெசர்ப்பின் உற்பத்திக்கு ஆப்பிரிக்க இனமான ரவுல்ஃபியா வாமிடோரியா பெரிதும் பயன்படுத்தப்பட்டது.

வகீல் 1955இல் சர்க்குலேஷன் இதழில் அதுவரை வெளியான சர்ப்பகந்தி ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து மதிப்பிட்டார். கோல்வாலாவுடன் இணைந்து எழுதிய, நோயாளியைப் பரிசோதிக்கும் முறை பற்றிய பாடநூலின் மூலம் இந்திய மருத்துவ மாணவர் பல தலைமுறைகளுக்கு ஆசிரியரானார். 1974இல் மறைந்தார். சர்ப்பகந்தியின் குணத்தைக் கண்டவர்கள் பெயர் தெரியாத நாட்டு மருத்துவர்கள். அழுத்தத்தோடு அதைப் பொருத்தியவர்கள் கல்கத்தா மருத்துவர்கள். சத்துகளைப் பிரிக்கத் தொடங்கியவர்கள் டெல்லி வேதியியலாளர்கள். வகீல் இந்த வரிசையில் சேர்த்தது அளவீடு: முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எத்தனை பேருக்கு, எத்தனை வாரத்தில் என்ற கணக்கு. பிறர் திரும்பச் செய்து பார்க்கவும், தவறிருந்தால் திருத்தவும் இடம் தரும் வகையில் அந்தக் கணக்கு வெளியிடப்பட்டதால்தான், மருந்தின் நன்மையும் அதன் தீமையும் ஒருங்கே உலகுக்குத் தெரியவந்தன.